முன்னூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்

பிப்ரவரி 3

இன்று காலை பத்தேகால் மணிக்கு, நன்கு யோசித்து, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, ஒரு முடிவுக்கு வந்தேன்: டெக்ஸ்ட் கோப்புகளின் பெயரில் இனி வரிசை எண் இருக்காது. குடும்பப் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். வெறும் 001 என்பது கைதிக்குக் கொடுக்கும் எண். 'ஒகுண்டெயி', அதன் பக்கத்தில் ஒரு தேதி என்றால் ஒரு மனிதர் தெரிகிறார். இந்தப் பள்ளி அலுவலகத்தில் பதினாறு வருடங்களாக எழுத்தராக இருக்கிறேன். இவ்வளவு தீர்மானமாக எதையும் செய்ததாக நினைவில்லை. முடிவெடுத்த பிறகு தேநீர் குடித்தேன்.

பிற்காலத்தில் நானே மறந்துவிட்டால் உதவும் என்று விவரத்தையும் எழுதி வைக்கிறேன். தேர்வு வாரியத்தின் இயந்திரம் எக்செல் தாளைப் படிக்காது. இறுதி வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு டெக்ஸ்ட் கோப்பு தர வேண்டும். போன வருடம் வரை கையால் வெட்டி ஒட்டினேன். மூன்று வாரம், தீராத கழுத்து வலி. இந்த வருடம் மேக்ரோ எழுதியிருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் அது தாளில் மேலிருந்து கீழே இறங்கி, ஒவ்வொரு வரியையும் ஒரு கோப்பாக்கிப் பெயரும் வைத்துவிடும்.

பிப்ரவரி 6

அழுத்தினேன். முன்னூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள், நாற்பது விநாடி. திரை ஒன்றும் சொல்லவில்லை. தவறு இருந்தால் சொல்லியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை அடெபிம்பெ பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு வாரத்து வேலைய மிஷினே முடிச்சிடுச்சு. அப்ப உங்கள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, ஒலாலெரெ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். உபரி எழுத்தர்களின் பட்டியல் ஒன்றை மாநிலத்தில் தயாரிக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

பிப்ரவரி 10

இபாடான் போய் வாரிய அலுவலகத்தில் கோப்புகளைக் கொடுத்தேன். ரசீது தந்தார்கள். முத்திரை மிக நன்றாக விழுந்திருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

என் மனைவி மொரெனிகெ துணி துவைக்க எடுத்தபோது ரசீதைக் கண்டாள்.

"என்னங்க, உங்க இஸ்கூல்ல முன்னூத்திப் பன்னெண்டு பேருன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சீங்க. இதுல எரநூத்தி எழுபத்தொண்ணுன்னு இருக்கே?"

அவர்கள் தப்பாக எண்ணியிருப்பார்கள் என்றேன்.

"வாரியத்துலயா?"

ரசீதை என் கையில் திணித்துவிட்டுத் துவைக்கப் போனாள். நான் சர்ச்சுக்குப் போனேன். பாட்டுப் புத்தகத்தில் 271ஆம் பக்கம்தான் திறந்தது என்று எழுத ஆசை. இல்லை, திறக்கவில்லை. ஆனால் வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை.

மார்ச் 3

ஏழு மணிக்கே அலுவலகம் போனேன். கதவைச் சாத்தினேன். கோப்புறையைத் திறந்து எண்ணினேன். 271. மறுபடி எண்ணினேன். கணினியையே எண்ணச் சொன்னேன். அதற்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பிறகு ஒகுண்டெயியைத் தேடினேன். தாளில் இரண்டு வரி: டைவோ, அடுத்து கெஹிண்டே. ஒரே குடும்பப் பெயர், ஒரே பிறந்த தேதி. கோப்போ ஒன்றுதான். உள்ளே இருந்தது கெஹிண்டே.

மேக்ரோ முதலில் டைவோவை எழுதியிருக்கிறது. அடுத்த வரிக்கும் அதே பெயர் வரவே, பழையதை அழித்து அதன் மேலேயே கெஹிண்டேயை எழுதியிருக்கிறது. கேட்கவில்லை. 'ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பத்தொரு தடவை.

இந்த ஊரில்! எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இரண்டு முகம் எட்டிப் பார்க்கும் ஊரில், பிறந்த தேதியை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று பத்தேகால் மணிக்கு முடிவெடுத்தவன் நான். இங்கே இரட்டையரைக் கவனிப்பது வெயிலைக் கவனிப்பது போல. யாரும் செய்வதில்லை.

இங்கே இரட்டையர் என்றால் முன்னால் பிறப்பது டைவோ, பின்னால் பிறப்பது கெஹிண்டே; எல்லா வீட்டிலும் இதே பெயர்கள்தான். பின்னால் பிறக்கும் கெஹிண்டேதான் மூத்தவன், உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தம்பியை முன்னால் அனுப்பியவன் என்பது எங்கள் நம்பிக்கை. மேக்ரோ மூத்தவனை வைத்துக்கொண்டது. முன்னால் போனவன் திரும்பவில்லை.

கோப்புறையை மூடினேன்.

மார்ச் 4

திருத்தம் செய்ய 14ஆம் தேதி மாலை நான்கு வரை அவகாசம் உண்டு. விடுபட்டவர்களைச் சேர்க்கலாம். தலைமையாசிரியையின் கையெழுத்திட்ட கடிதம் மட்டும் வேண்டும்.

மட்டும்.

மார்ச் 5

பள்ளி வாசலில் அமாலாக் களி விற்கும் அபெனிதான் டைவோ, கெஹிண்டே ஒகுண்டெயிகளின் தாய். ஊரில் எல்லாருக்கும் அவள் இரட்டையம்மா. பதினாறு வருடமாக என் மதியச் சாப்பாடு அவளிடம்தான்.

"வாங்க கம்ப்யூட்டர் வாத்தியாரே! என்ன, மூஞ்சி கழுவாம வந்துட்டீங்களா?" என்றாள். கேட்காமலே இன்னொரு இறைச்சித் துண்டை வைத்தாள். "தின்னுங்க. எம் பசங்க பேர அனுப்பினவரு இல்ல நீங்க. ரெண்டும் ஒண்ணா பரீட்சை எழுதி, ஒண்ணா காலேஜ் போகணும். ஒருத்தன் மட்டும் போறதா இருந்தா, போகவே வேணாம்னுட்டேன்."

"ஏன் அப்படிச் சொல்றே?"

"ஒருத்தனுக்குச் சட்டை வாங்கி ஒருத்தன அம்மணமா விடுவாளா ஒருத்தி? வீடு உருப்படுமா?"

தின்றேன். மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பாள்.

மார்ச் 6

அவள் உடைத்துக் கேட்டுவிட்டாள், என் மனைவி. சொல்லிவிட்டேன்.

"போய்ச் சொல்லித் தொலைங்களேன். ஒரு கையெழுத்துதானே?"

"வேலை போயிடும்."

"நாப்பத்தோரு பசங்களோட ஒரு வருஷம் போயிடும்."

எதிரில் ஆள் இல்லாதபோது எனக்கு நல்ல பதில்கள் வரும்.

மார்ச் 10

தலைமையாசிரியை மேடத்தின் அறைக் கதவு வரை போனேன். உள்ளே கல்வி அதிகாரி. "பாருங்க சார், இவருதான் நான் சொன்ன மேக்ரோ ஆளு," என்றார் மேடம். அதிகாரி எழுந்து கைகொடுத்தார். எனக்கு எழுந்து கைகொடுத்த முதல் அதிகாரி அவர். அந்த நேரத்தில் சொல்வது மரியாதையாக இருந்திருக்காது.

மரியாதையா? யாருக்கு?

மார்ச் 12

மற்ற ஆறு பள்ளிகளின் எழுத்தர்களுக்கு நாளை நான் மேக்ரோ பயிற்சி தர வேண்டுமாம். அதிகாரியின் உத்தரவு. அவர்கள் இன்னும் கோப்புகளைக் கொடுக்கவில்லை. தாமதத்துக்குத் தனி அனுமதி வாங்கியிருக்கிறார்கள். சோம்பேறிகளுக்கும் ஆண்டவர் உண்டு.

மார்ச் 13

பயிற்சி முடிந்தது. அவர்களுக்குக் கொடுத்த மேக்ரோவில் கோப்புப் பெயரின் முன்னால் வரிசை எண்ணைச் சேர்த்துவிட்டேன்.

"எண் எதுக்கு அண்ணே? பேரு போதாதா?" என்று ஒருவர் கேட்டார்.

"பாதுகாப்புக்கு," என்றேன். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் கைதட்டினார்கள்.

நாளை சொல்லிவிடுவேன். கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு பெயரும் அதில் இருக்கின்றன.

மார்ச் 14

எட்டு மணிக்கு மேடத்துக்குத் தலைவலி. ஒன்பதரைக்குப் பெற்றோர் ஒருவர் சண்டைக்கு வந்தார். பதினொன்றுக்கு, கடிதத்தைக் கோப்பில் வைத்து, கதவைத் தட்டி, உள்ளே போய், எதிரில் நின்றேன்.

"சொல்லுங்க ஒலாலெரெ."

"நாளைக்கு... தண்ணி டாங்க் கழுவணும் மேடம்."

"கழுவுங்க."

மதியம் அவர் அபெயோகுடாவுக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பினார். கார் வாசலைத் தாண்டும்வரை ஜன்னலருகே நின்றேன். ஓடிப் போய் நிறுத்தியிருக்கலாம். நான்கு மணி வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு ஆனதும் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 22

நுழைவுச் சீட்டுகள் வந்தன. மேடம் தானே எண்ணினார். என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"விட்டுப்போனவங்க எல்லாம் டைவோ. பாக்கிறீங்களா? ஒரு டைவோகூட இல்ல. இது எப்படி ஆச்சு?"

சொன்னேன். மேக்ரோவைப் பற்றி மட்டும்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான் மேடம். நீங்க சொல்லித்தான்."

பிறகு வாரியத்துக்குப் போன் செய்தார். கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. அவகாசம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டதே, உங்கள் எழுத்தரிடம் ரசீது கொடுத்தோமே, எண்ணிக்கை அதில் இருக்கிறதே என்று மறுமுனையில் சொன்னது எனக்கே கேட்டது.

போனை வைத்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 24

இரட்டையம்மாக்கள் வந்தார்கள். மைதானம் நிறையப் பெண்கள். மேடம் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு பேசினார். மிஷின் கோளாறு, டைவோக்கள் அடுத்த வருடம் எழுதலாம், கட்டணம் பள்ளியே கட்டும், கெஹிண்டேக்கள் இப்போதே எழுதட்டும் என்றார்.

அபெனி எழுந்தாள். "மேடம், நீங்க நல்லவங்க. ஆனா உங்களுக்கு ரெட்டை இல்ல. ஒருத்தன் உள்ள உக்காந்து எழுதுவான், இன்னொருத்தன் வேலிக்கு வெளிய நிப்பானா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரே, ஒரு மாசமா எங்கிட்ட ஏன் சாப்பிட வரலேன்னு இப்பத்தான் புரியுது."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மே 5

முதல் தேர்வு, ஆங்கிலம். எட்டரை மணிக்கு மண்டபக் கதவு சாத்தப்பட்டது.

கண்காணிப்பாளர் வராதவர்கள் படிவத்தை என்னிடம் தந்தார். பதிவு 271, வந்தவர்கள் 230. வராத ஒவ்வொரு கெஹிண்டேயின் பெயருக்கும் எதிரே காரணம் எழுத வேண்டும். நோய், மரணம், மற்றவை என்ற மூன்றில் ஒன்றைத்தான் எழுதலாம். 'மற்றவை' என்று நாற்பத்தொரு முறை எழுதினேன்.