கிறேசிக்காக நான் செய்த ஜெபம்

ஜூலை 14, செவ்வாய். இரவு.

இன்று கிறேசியின் மார்பில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அதற்கு முன் ஜெபிக்க வேண்டிய போதகர் வரும் வழியில், அமரவிளை நெரிசலில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டார். அவர் வந்து தன் நீள ஜெபத்தைத் தொடங்கியிருந்தால் ஆபரேஷனை நாளைக்குத் தள்ளிவைத்திருப்பார்கள், அது வேறு. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே அவள் என் கையைப் பிடித்தாள்.

"அப்போ நீங்க ஜெபிங்க."

கல்யாணமான இருபத்தாறு வருஷமும், வீட்டு ஜெபத்தில் என் முறை வரும்போதெல்லாம் டீ போட அடுக்களைக்கு ஓடியவன் நான். ஊர்க்கதை பேச மட்டும் நாக்கு நீளம். கண்ணை மூடினேன். மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றே ஒன்று வாயில் வந்துவிட்டது.

"ஆண்டவரே, எங்கள் முன் வைத்திருக்கும் இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்."

நேற்றிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்காதவள் முன்னால். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிறேசி சிரிக்கவில்லை. சத்தமாக "ஆமென்" என்றாள்.

"எதுக்கு இப்படி முழிக்கிய? என்ன கேக்க வந்தியன்னு அவருக்குத் தெரியும். எனக்குப் பயமில்ல, நீங்க வெறும் வயித்துல நிக்காம போய் சாப்பிடுங்க."

கட்டி நல்லதா கெட்டதா என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். அவள் நிம்மதியாகக் குறட்டை விடுகிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் நான். யாரும் கேட்காமலே சற்று முன் ஒரு தடவை ஜெபித்துப் பார்த்தேன். "ஆண்டவரே, இவளை" என்பது வரைக்கும் வந்தது. அங்கேயே ஆமென் சொல்லி முடித்துக்கொண்டேன், மிச்சம் அவருக்குத் தெரியுமாம்.