நாற்பதாவது கால்

ஐப்பசி 9, ஞாயிறு.

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து முழுவதிலும் சாலிடரிங் அயர்ன் பிடிக்க எனக்கு நிகர் எவனும் பிறக்கவில்லை என்று இன்று காலையும் முழங்கினேன். அக்கா மகள் சுமதி, இறந்துபோன தன் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரை மூலக்குளத்திலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தாள். அவர் எழுதியதெல்லாம் பிளாப்பிகளில் இருக்கிறது. வேறு எந்த மெஷினும் அவற்றைப் படிக்காது.

மதர்போர்டில் ஒரு சிப் செத்திருந்தது. அதற்கு நாற்பது கால்கள். ஒவ்வொன்றாகச் சூடாக்கி ஈயத்தை உறிஞ்சி எடுத்தேன்.

“மெதுவா மாமா.”

“இன்னாடி பயம்? பறக்கற ராக்கெட்லயே சிப்பு மாத்தினவன்டி நானு!”

சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு அவசரம் வந்துவிட்டது. கடைசிக் காலில் ஈயம் இன்னும் பிடித்திருந்தது. தெரிந்தே ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். சிப்போடு, போர்டில் மின்சாரம் ஓடும் செம்புக்கோடும் உரிந்து வந்தது. அவள் பார்ப்பதற்குள், கடையில் வாங்கி வைத்திருந்த புதுச் சிப்பை அதன்மேல் வைத்துப் பற்றவைத்தேன். திரை இருட்டாகவே கிடந்தது.

“கடைக்காரன் டூப்ளிகேட் சிப்ப குடுத்துட்டான்” என்றேன்.

“சரி மாமா, நாளைக்கு மெட்ராஸ் போயி வேற வாங்கியாறேன். உன் கையால ஆவாதது இன்னா இருக்குது?”

கோளாறு சிப்பில் இல்லை. கோடு உரிந்த இடத்தில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்துப் பார்க்கலாம். அதற்கு முதலில் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

நான் கிணற்றில் முதலை பிடித்ததாக அளந்த கதையை நாலு வயதிலேயே நம்பாதவள் அவள். இதை நம்பிவிட்டாள்.