சலவைக்கூடத்திலிருந்து இருநூறு தப்படி

டேட்டன், ஒஹாயோ
12 செப்டம்பர் 1994

அன்பு மாரே பானிங்,

ஆண்டவர் கிருபையால் நானும் ஹெரால்டும் சுகம். அவருக்கு முழங்கால் ஒன்றுதான் தகராறு. நீயும் உன் மகன் டெல்பினும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை முடிவில் சொல்லிக்கொள்கிறேன். இந்த மழைக்கும் எரிமலைச் சேறு ஏஞ்சலஸ் ஊருக்குள் வந்ததா? டெல்பின் ஒரு வரி எழுதுவதில்லை. ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் ஒருத்தி இருப்பது நினைவிருக்கிறதா, இல்லையா? பெற்றவளும் ஞானத்தாயுமாக ஒருத்தியை ஒருத்தி மாரே என்று கூப்பிட்டோமே, என்னை அப்படிக் கூப்பிட இந்த ஊரில் ஆளே இல்லை. அதற்காகவாவது நீ அடிக்கடி எழுதலாம்.

ஒரு நல்ல சேதி. நம் ஊர் அமெரிக்கப் படைத்தள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களும் படுத்திருந்தவர்களும் வருகிற மே மாதம் டெக்சாஸில் ஒன்றுகூடுகிறார்கள். நூற்றைம்பது பேர். அதற்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். தலைவர் யார் தெரியுமா? பதினான்காம் படுக்கை விட்லாக்! தொலைபேசியில் பேசும்போது, சலவைக்கூடத்துப் பெண்கள் பாடிக்கொண்டே வேலை செய்வீர்களே என்று சொல்லித் தழுதழுத்துவிட்டார். இன்னும் ஊரிலேயே இருக்கிற ஒருவரிடமிருந்து ஒரு பக்கம் வேண்டுமாம். நான் உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

சோப்பு வாசனை, பாட்டு, கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கொடுத்த ஐஸ்கிரீம், இதையெல்லாம் எழுது. துக்கமானது வேண்டாம். நமக்கு அது பொற்காலம் அல்லவா? இன்னொன்று. மலரில் என்னைப் பற்றியும் ஒரு பக்கம் வருகிறது. நான் வார்டில் நோயாளிகளைக் கவனித்ததை நீயும் ஒரு வரி சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

உன் மாரே,
திரினிங்

---

ஏஞ்சலஸ்
3 அக்டோபர் 1994

திரினிங்குக்கு,

நலம். நீ நலம் என்று நீயே எழுதிவிட்டதால் கேட்கவில்லை. சேறு இந்த முறை ஊருக்குள் வரவில்லை. உன் கடிதம்தான் வந்தது.

நம் ஆஸ்பத்திரி எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மூன்று வருஷம் முன்பு உன் அமெரிக்க ஆட்கள் எரிமலைச் சாம்பலுக்குப் பயந்து ஓடிய மறுமாதமே கூரைத் தகரம் போய்விட்டது. பிறகு குழாய்கள், பிறகு ஜன்னல்கள். அறுவைக்கூடத்து இரட்டைக் கதவு பக்கத்து வீட்டுப் பன்றிக் கொட்டிலுக்கு வந்திருக்கிறது. உள்ளே ஒரு தாய்ப்பன்றியும் பதினொரு குட்டிகளும். அந்தக் கதவால் நம் ஊர் உயிர் ஒன்றுக்குப் பிரயோசனம் என்றால் இதுதான் முதல் தடவை. இதை உன் மலரில் போடுவார்களா?

விட்லாக்குக்குத் தொண்டை அடைத்ததாமே. அந்தப் பெருமகனாரை நான் மறக்கவில்லை. வார்டிலிருந்து வரும் சில அழுக்குத் துணி மூட்டைகளில் கறுப்பு நாடா கட்டி அனுப்புவார்கள், ஞாபகம் இருக்கிறதா? கறுப்பைக் கண்டால் நமக்கு வேறு என்ன தோன்றும்? செத்தவன் துணி என்று நாமாகவே முடிவு கட்டினோம். பதினான்காம் படுக்கைத் துணி கறுப்பு நாடாவோடு வந்த அன்று, ஐயோ இருபது வயதுப் பிள்ளை என்று நீதான் முதலில் அழுதாய். கொதிகலனுக்குப் பின்னால் மெழுகுவத்தி ஏற்றி, ஒன்பது நாள் முழங்காலில் நின்று ஜெபம் சொன்னோம். தினமும் இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி. கோழிகள் என் வீட்டுக் கோழிகள்.

ஒன்பதாம் நாள், கடைசி ஜெபத்தின் நடுவில், அந்தச் செத்தவரே, சட்டைப் பையில் மோதிரத்தை விட்டுவிட்டேன் என்று வாசலில் வந்து நின்றார். நம் கூட்டத்தில் மூத்தவள் சியோன் மயங்கித் துணிக் குவியலில் விழுந்தாள். அப்புறம்தானே விஷயம் தெரிந்தது? கறுப்பு நாடா என்றால் தனியாகக் கொதிக்கவைக்க வேண்டிய துணி. ஐயாவுக்கு வெட்டை நோய். போர்முனையில் வாங்கியதல்ல, நம் ஊர்க் கடைத்தெருவில் வாங்கியது. அந்தத் தியாகிதான் இன்று தலைவர்.

பாட்டா? இயந்திரச் சத்தத்தில் ஒருத்தி பேசுவது ஒருத்திக்குக் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தோம். ஐஸ்கிரீம் வார்டுகளுக்குப் போய், யாரும் தொடாமல் உருகித் திரும்பி வந்தது. பால் என்று நினைத்துக் குடித்தோம்.

நீ வார்டில் நோயாளிகளைக் கவனித்ததைச் சொல்ல வேண்டுமாம். நீ வார்டுக்குப் போனது விரிப்பு அடுக்க. அந்த ஆஸ்பத்திரியில் நீ ஊசியைத் தொட்டது பொத்தான் தைக்க. அதில் கேவலம் ஒன்றுமில்லை. அதை மறைப்பதுதான் கேவலம்.

பொற்காலத்தைப் பற்றி நான் எழுதினால் என் புருஷன் செவரினோவிலிருந்துதான் தொடங்குவேன். ஆகுமா என்று தலைவரைக் கேட்டுச் சொல்.

பானிங்

---

டேட்டன்
30 அக்டோபர் 1994

அன்பு மாரே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஹெரால்ட் என்னவென்று கேட்டார். பல்வலி என்று சொன்னேன். நம் மொழி அவருக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. நீ எப்போதும் நாக்கில் கத்தி வைத்திருப்பவள்தான். ஆனால் என்மேல் வீசியதில்லை.

நர்ஸ் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே அவர்களாக எடுத்துக்கொண்டார்கள். திருத்தாமல் விட்டேன், அவ்வளவுதான். இந்த ஊர்ப் பெண்கள் மத்தியில் சலவைக்காரி என்று சொல்லி உட்கார்ந்து பார், அப்போது தெரியும்.

கிறிஸ்துமஸ் பெட்டி இந்த முறை முன்னதாகவே அனுப்பிவிட்டேன். டின் இறைச்சி பன்னிரண்டு, குளியல் சோப்பு, உனக்குக் கம்பளிச் சட்டை, டெல்பினுக்குக் காலணி. ஒன்பதரை அளவுதானே?

செவரினோவுக்காக நான் அழாத வருஷம் உண்டா? ஆனால் அது அவர்கள் சட்டம், மாரே. உள்ளூர் ஆட்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் படுக்கை கிடையாது. டாக்டர் முடியாது என்றபிறகு சாதாரணச் சலவைக்காரி நான் என்ன செய்திருக்க முடியும்? பழசைக் கிளறாதே. மலருக்கு ஏதாவது நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்பு.

உன்
திரினிங்

---

ஏஞ்சலஸ்
21 நவம்பர் 1994

திரினிங்குக்கு,

முதல் கடிதத்தில் நோயாளிகளைக் கவனித்தவள், இரண்டாம் கடிதத்தில் சாதாரணச் சலவைக்காரி ஆகிவிட்டாய். சௌகரியத்துக்கு ஏற்ற உத்தியோகம்.

பெட்டி வந்தது. கம்பளிச் சட்டைக்கு நன்றி. இங்கே கடைசியாக எவனுக்குக் குளிர்ந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். 1971 மே, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. செவரினோ பார்த்துக்கொண்டிருந்த கொதிகலனின் குழாய் வெடித்தது. மார்பும் கழுத்தும் முகத்தில் பாதியும் வெந்துபோய், அழுக்கு விரிப்புக் குவியலின்மேல் அவனைக் கிடத்தினோம். அங்கிருந்து தீக்காய வார்டு இருநூறு தப்படி. பிறகு ஒருநாள் நான் நடந்து எண்ணினேன். வியட்நாமில் வெந்தவனைக் கடல் தாண்டி அந்த வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வார்டின் விரிப்புகளைக் கொதிக்கவைத்தவனுக்கு இருநூறு தப்படி தூரம் அதிகமாகிவிட்டது.

வார்டுக்குள் போகும் அடையாள அட்டை உன்னிடம்தான் இருந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாரே, மேஜர் டாக்டரைக் கூட்டிட்டு வா. வந்து ஒரு தடவை பாத்தா போதும்"னு சொன்னேன். ஓடினாய். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாய். "டாக்டர் வரமாட்டாராம்" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

ஜீப்னி வண்டியில் போட்டு மாகாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பஞ்சுகூட இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டான். சாகாத விட்லாக்குக்கு ஒன்பது நாள் முழங்காலில் நின்றவள், செத்த செவரினோவின் ஜெபத்துக்கு ஒரு நாள்கூட வரவில்லை. கல்யாணக் காகிதத்துக்காக மார்பு எக்ஸ்ரே எடுக்க மணிலா போயிருந்தாய்.

இருபத்துமூன்று வருஷமாக வருகிற பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ பொற்காலம் என்று எழுதாமல் இருந்திருந்தால் இப்போதும் மூடிக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. நீ டாக்டரைக் கேட்டாயா, இல்லையா? சட்டம் வேண்டாம், கண்ணீர் வேண்டாம், டின் இறைச்சி வேண்டாம். பதில் வந்தால் உன் மலருக்கு நீ கேட்டபடியே சோப்பு வாசனையோடு ஒரு பக்கம் எழுதித் தருகிறேன். உன்னை நர்ஸ் என்றே எழுதுகிறேன், போ.

பானிங்

---

டேட்டன்
9 பிப்ரவரி 1995

பானிங்,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஹெரால்டுக்கு இப்போது என் பல்வலியில் நம்பிக்கை போய்விட்டது.

கேட்கவில்லை.

வார்டு வாசல்வரை ஓடினேன். டாக்டர் உள்ளே ஒரு படுக்கை பக்கத்தில் நின்றிருந்தார். என் கல்யாண அனுமதிக் காகிதம் அவர் மேஜையில் பத்து நாளாகக் கிடந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் படையிலிருந்த ஹெரால்ட் என்னைக் கட்ட முடியும். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டினால் சொந்தக்காரக் கூட்டமே பின்னால் வரும் என்று அவர் ஹெரால்டிடம் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் நான் போய், என் மாரேயின் புருஷன் என்று காலைப் பிடித்தால் கையெழுத்துப் போயே போய்விடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கால் தானாகவே விரிப்பு அறைக்குள் திரும்பிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு தலையணை உறைகளை எண்ணினேன். அறுபத்துநான்கு. மறுபடி எண்ணினேன். வெளியே வர எனக்குத் தைரியம் வரவில்லை.

மணிலாவுக்கு அந்த வாரம் போக வேண்டிய அவசியமில்லை. நானே தேதி கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

கையெழுத்து அடுத்த திங்கட்கிழமை கிடைத்தது. அன்றிலிருந்து நான் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு வாழ்கிறேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். டாக்டர் வந்திருந்தால் செவரினோ பிழைத்திருப்பான். பாவசங்கீர்த்தனத்தில் இங்குள்ள சாமியாரிடம் சொன்னேன். மன்னிப்புக் கொடுத்துவிட்டார். அவருக்கென்ன, அவர் செவரினோவைப் பார்த்தவரில்லை.

மலரும் வேண்டாம், பக்கமும் வேண்டாம். விட்லாக்கிடம் நான் சலவைக்காரி என்று சொல்லிவிட்டேன். என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் எழுது.

திரினிங்

---

ஏஞ்சலஸ்
6 மார்ச் 1995

திரினிங்குக்கு,

உன் பதில் எனக்குப் புதிதல்ல. நீ கேட்கவில்லை என்பது அன்று காலையே எனக்குத் தெரியும்.

நீ போய்ப் பத்து நிமிஷமாயிற்று. செவரினோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான். என்னால் நிற்க முடியவில்லை. துவைத்த விரிப்புகள் ஏற்றிய வண்டி ஒன்று நின்றிருந்தது; அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். துணி வண்டி தள்ளுகிறவளை அங்கே யாரும் தடுத்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமில்லை. விரிப்பு அறையைக் கடக்கும்போது கதவுக் கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாய். உதடு அசைந்தது.

நான் நிற்கவில்லை. நேரே டாக்டரிடம் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன், காலையும் பிடித்தேன். அவர் கோபப்படவில்லை. மிகவும் மரியாதையாக, "உங்க ஆளுங்களுக்கு வெளியில ஆஸ்பத்திரி இருக்கு"ன்னார். களிம்புக் குழாய் இரண்டு கையில் கொடுத்தார். பிறகு, அந்த விரிப்புகள் இந்த வார்டுக்குத்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அலமாரியில் அடுக்கிவிட்டுப் போகச் சொன்னார். அடுக்கினேன், திரினிங். புருஷன் வெந்து கிடக்க, மடிப்புக் கலையாமல் அடுக்கிவிட்டுத்தான் வந்தேன். உன்மேல் எனக்குள்ள வெறுப்பு கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் அந்த அலமாரி முன்னால் நின்றவள்மேல்.

நீ திரும்பி வருவதற்கு முன்பே நான் சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டேன். நீ பொய் சொன்னாய். அந்தப் பொய்யே உண்மையாகவும் இருந்தது.

ஆகவே நீ யாரையும் கொல்லவில்லை. இதை 1971இலேயே ஒரு வரியில் எழுதியிருந்தால் நீ இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். எழுதக்கூடாது என்றுதான் எழுதவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் பெட்டி வரும்போது, இன்னும் இவளுக்கு உறுத்துகிறது என்று எனக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தியோடுதான் உன் டின் இறைச்சியைத் தின்றேன். நான் எப்படிப்பட்டவள் என்று நீயும் தெரிந்துகொள்.

டெல்பினிடம் இப்போதுதான் எல்லாம் சொன்னேன். ஞானத்தாய்க்கு எழுதலாமா என்று கேட்டான். அது அவன் இஷ்டம் என்றேன். காலணி சரியாக இருக்கிறதாம்.

பெட்டி இனி வேண்டாம். நானும் இனி எழுதமாட்டேன்; இதிலும் பானிங் என்று போடாமல் முழுப் பெயரைத்தான் போடுகிறேன். பாரம் இறங்கிவிட்டதென்று சந்தோஷப்படு, உனக்கு உரிமை உண்டு. நீ கேட்டிருந்தாலும் அந்த மனிதன் வந்திருக்கமாட்டான்.

ஆனால் நீ கேட்டிருக்கலாம்.

எபிபானியா சுங்கா