அப்பாவின் கவ்வாத்துக் கத்தி

2008 ஜூன் 9, திங்கள்
ஹட்டனில் நான் வேலை பார்க்கும் கடையில் கூட்டமே இல்லை. இன்டர்நெட் கம்ப்யூட்டர் இரண்டையும் துடைத்து வைத்தேன். றொசல்லப் பக்கம் ஒரு கடைக்காரரை யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்களாம், ஊரெல்லாம் அதே பேச்சு.

வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. டீவிக்காரர்கள் தேயிலை மலைக்கே வந்து, கவ்வாத்து எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டார்களாம். ஒரே வீச்சில் தேயிலைக் கிளையை நறுக்கிக் காட்டினாராம். "முப்பது வருஷக் கை, சும்மாவா?" என்றார்.

ஜூன் 10
செய்தி பார்க்க லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. முதலில் கடை வாசலில் ரத்தம். அடுத்தது அப்பா, கத்தியை ஓங்கியபடி, முன்னால் செடியே தெரியவில்லை. வீட்டுக்கு வீடு ஆயுதம் என்றது டீவியில் ஒரு குரல். அப்பா எழுந்து வெளியே போனார்.

பாவிங்களா, தேயிலைச் செடிய எங்கடா ஒளிச்சீங்க?

ஜூன் 12
அதே காட்சி அந்த டீவிக்காரர்களுடைய இணையத்தளத்திலும். இந்த ஆளைப் பிடித்தாச்சா என்று கீழே ஒருவன் எழுதியிருக்கிறான். தோட்டத்துப் பக்கம் பஸ்ஸில் போகவே பயமாம் ஒருத்திக்கு. காலையில் நீ குடிச்ச தேத்தண்ணி இந்தக் கத்தியாலதான்டி வந்துச்சு! அதையே கொஞ்சம் மரியாதையாக எழுதிப் போட்டேன். பெயரும் போட்டேன்: சோலைமலையின் மகள் தனுஜா.

ஜூன் 13
என் பதிலைக் காணோம். பரிசீலனையில் இருக்கிறதாம்.

ஜூன் 14
பொலிஸ் வந்து அப்பாவைக் கூட்டிப் போய்விட்டது. கத்தியையும்தான். அம்மா சோற்றைக் கட்டிக்கொண்டு போய் ஸ்டேசன் வாசலில் நின்றாள். உள்ளே விடவில்லை.

ஜூன் 16
அப்பாவை விட்டுவிட்டார்கள், கத்தியையும் திருப்பித் தந்துவிட்டார்கள். கொன்றது கடைக்காரரின் சொந்த மச்சானாம், காணித் தகராறு. டீவியில் அது ஒரே ஒரு வரி, அடியில் ஓடிப் போனது. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம். அவர் கத்தி ஓங்கும் காட்சி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஜூலை 2
என் பதில் இன்னும் பரிசீலனையில்.

2009 ஜூன் 11
கடைக்கு லீவு. அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். வேறு டீவிக்காரர்கள் வந்திருந்தார்கள், தேயிலை பற்றி ஏதோ நிகழ்ச்சியாம். இந்தத் தோட்டத்திலேயே நல்ல கை இவர்தான் என்று கங்காணி அவர்களை நேரே அப்பாவிடம் கூட்டி வந்தார். காலையிலிருந்து அப்பா வெட்டிய நிரை முழுக்கப் பின்னாலேயே கிடந்தது. அவர் கத்தியைச் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்தார்.

"எனக்கு வெட்டத் தெரியாதுங்க" என்றார்.