மாடன் வாயில் வைத்த சுருட்டு

மருதங்கரை,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி இசக்கிதுரைக்கு,

உன் அக்கா சுடலைவடிவு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் மாடன் புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும் சுகன்யாவும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

எத்தனை மாசமாக உனக்குப் போன் அடிக்கிறேன், எடுக்கமாட்டேன் என்கிறாய். சுகன்யாவைக் கேட்டால், ‘அவுக பேசுற நெலமையில இல்ல மதினி’ என்று அவள் அழுகிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனை வைத்துவிடுகிற மாதிரி கடிதத்தை வைத்துவிட முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். கேஸில் ஜெயித்துவிட்டோம். உன் அத்தான் பேரில் குற்றம் ஒன்றும் இல்லை என்று கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. துப்பாக்கி நம் சுடலைமாடன் பீடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. இதை நீ சுகன்யாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு.

இனி நடந்ததை முறையாக எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரியும். ஆனால் நம் வக்கீல் மஹ்மூதா பீவி கோர்ட்டில் சொன்னதைக் கேட்டபோது எனக்கே புதுசாகக் கேட்கிற மாதிரி இருந்தது. மேலப்பாளையத்துப் பெண். ஜமாத்தில் அவளைக் கேலி செய்தார்களாம், சுடலைக்கு வக்காலத்து வாங்கப் போகிறாயா என்று. அவள், ‘சாமிக்கு வேண்டாம், சாமியாடிக்கு வாங்குதேன்’ என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

அவள் நம் தாத்தா காலத்தில் இருந்து தொடங்கினாள். நம் தாத்தா பூதத்தான் உலகப் போர்க் காலத்தில் அஸ்ஸாமில் இருந்து பர்மாவுக்குச் சாலை போடப் பட்டாளத்தோடு போனவர். கூடப் போனவர்களில் பாதிப்பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது. உயிரோடு ஊர் திரும்பினால் மாடனுக்கு ஓர் ஆயுதம் சாத்துவதாக நேர்ந்துகொண்டார். எல்லாரும் அரிவாள் சாத்துவார்கள், வல்லயம் சாத்துவார்கள். தாத்தா, சண்டை முடிந்து அமெரிக்கப் பட்டாளம் கழித்துப்போட்ட ஒரு தானியங்கித் துப்பாக்கியைக் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி ரயிலேற்றிக் கொண்டுவந்துவிட்டார். மாடனுக்குச் சுருட்டுப் படைக்க வேண்டுமே. பீடத்துக்கு வாய் கிடையாது, துப்பாக்கிக்கு வாய் இருக்கிறது. முதல் கொடையிலேயே சுருட்டைப் பற்றவைத்து அதன் வாயில் செருகினார். அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. தாத்தா வழியில் வந்த ஆண்பிள்ளைதான் சுருட்டு வைக்க வேண்டும். அதன் பிறகு கோமரத்தாடி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சாமியாட வேண்டும்.

நீ அமெரிக்கா போன பிறகு, கோமரத்தாடியான அத்தானே உன் உரிமையையும் பார்த்துக்கொண்டார். சுருட்டும் அவரே வைத்தார், ஆட்டமும் அவரே ஆடினார். போன சித்திரைக் கொடைக்குத்தான் நீ வந்தாய். ஒரு கையில் போன், ஒரு கையில் லைட்டர் என்று நீயே சுருட்டு வைத்தாய். அத்தான் சல்லடம் கட்டி, குல்லா போட்டு, துப்பாக்கியைத் தோளில் தாங்கி ஆடினார். அதன் வாயில் புகை வந்தது. பின்னால் வேட்டுப் போட்டார்கள். நீ எடுத்த வீடியோவில் வால் பக்கத்தை மட்டும் வெட்டி, இன்டர்நெட்டில் அங்கே துப்பாக்கி சேர்க்கிறவர்கள் கூடுகிற இடத்தில் போட்டு, இது என்ன விலை பெறும் என்று கேட்டுவைத்தாய். முப்பது லட்சத்துக்கு மேலே பெறும் என்று அவர்களும் சொன்னார்கள். எனக்குக்கூடப் போன் பண்ணிச் சிரித்தாயே, ‘யக்கா, நம்ம மாடன் லட்சாதிபதிக்கா’ என்று.

அந்தத் துண்டு வீடியோ சுற்றிச் சுற்றி நம் ஊருக்கே வந்து சேர்ந்தது. கோயில் கொடையில் எந்திரத் துப்பாக்கியால் சுட்ட சாமியாடி என்று பேர் வேறு வைத்திருந்தார்கள். வேட்டுச் சத்தமும் சுருட்டுப் புகையும் சேர்ந்து, பார்க்கிறவர்களுக்குச் சுட்ட மாதிரியேதான் இருந்தது. வைகாசியில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியின் பூட்டை இழுத்துப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போனது. ஓடாமல் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை தவறாமல் உன் அத்தான் எண்ணெய் போட்டுத் துடைக்கிறாரே. நல்ல நிலையில் உள்ள தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்று எழுதிக்கொண்டு, அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மஹ்மூதா பீவி என்னிடம் எதையும் மறைக்கவில்லை. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்றால் லைசென்ஸ் வாங்கலாமாம். இந்த மாதிரித் தானாகச் சுடுகிற துப்பாக்கிக்கு நம்மைப் போன்றவர்களுக்கு லைசென்ஸ் என்ற பேச்சே இல்லையாம். வைத்திருந்தது ருசுவானால் ஏழு வருசத்துக்குக் குறையாதாம், பதினாலு வரைக்கும் போகுமாம். சர்க்கரை மாத்திரை போடுகிற மனுசன், ஏழு வருசம் ஜெயிலில் கிடந்தால் திரும்பி வருவாரா என்றுதான் நினைப்பு ஓடியது.

உன்னைத் திட்டினேன். அதையும் எழுதிவிடுகிறேன். பாளையங்கோட்டை ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, உன்னை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். ஆனால் ஊரில் ரெண்டு பேர், ‘தம்பிக்காரன் சாமி சாமானுக்கு வெலை பேசிட்டாம்லா’ என்று என் காதுபடச் சொன்னபோது விடவில்லை. ‘எவம்லே சொன்னது? அவன் கேட்டது வெலை, வித்தானா? ஒன் வீட்டு மாட்டுக்கு நீ வெலை கேக்கதில்லையா?’ என்று கேட்டேன். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. உன்னைத் திட்ட எனக்குத்தான் பாத்தியதை, ஊருக்கு இல்லை.

ஆனியில் ஒரு தரகர் கார் போட்டு வந்தார். பழைய சாமான் வாங்குகிறவராம். கேஸ் முடிந்து துப்பாக்கி வெளியே வந்ததும் சத்தம் காட்டாமல் தன்னிடம் கொடுத்தால் அஞ்சு லட்சம் தருவாராம், வக்கீல் செலவும் அவர் பொறுப்பாம். உம்மிடம் லைசென்ஸ் உண்டா என்று கேட்டேன். அதெல்லாம் யாருக்கும் கிடைக்காது என்று சிரித்தார். ‘அப்போ ஒம்மையும் சேத்துல்லா புடிச்சுக் குடுக்கணும், வே. பைய இரும், ஸ்டேஷனுக்குப் போன் போடுதேன்’ என்றேன். காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பேரம் அதோடு முடியவில்லை. துப்பாக்கியை அழித்துவிடச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் தண்டனை குறையும், சீக்கிரம் வந்துவிடலாம் என்று சிலர் அத்தானுக்குச் சொல்லி அனுப்பினார்கள். எனக்கே ஆசையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவர் கேட்கவில்லை. ‘பூதத்தான் தாத்தா உசுருக்குப் பதிலாக் குடுத்தது. அத அழிங்கன்னு சொல்ல நான் யாருட்டீ’ என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஆடியில் ஜாமீன் கிடைத்து வெளியே வந்தபோது பாதி ஆளாக வந்தார்.

சட்டத்தில் ஒரே ஒரு வழி இருப்பதாக மஹ்மூதா பீவி சொன்னாள். ‘பழசுன்னு சொன்னா மட்டும் காணாதுக்கா. ரிப்பேர் பாத்தாலும் சுடாது, பாக்காட்டாலும் சுடாதுன்னு சோதனை பண்ணுனவங்க வாயாலயே வரணும். அப்போ அது துப்பாக்கிக் கணக்குல வராது’ என்றாள். ஆனால் துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது என்று நம்மில் யாருக்குத் தெரியும்? சாமி வாயில் யாராவது குச்சி விட்டுப் பார்ப்பார்களா? எண்பது வருசமாக யாரும் பார்த்ததில்லை.

தை மாதம் விசாரணை. சர்க்கார் வக்கீல் அந்தத் துண்டு வீடியோவைப் போட்டுக் காட்டினார். புகை வந்தது, டமார் என்றது. பிறகு மஹ்மூதா பீவி எழுந்து முழு வீடியோவையும் போட்டாள். அதில் ஒரு கை வருகிறது, நம் அப்பாவின் மோதிரம் போட்ட கை. சுருட்டைச் செருகி, லைட்டரைப் பொருத்திப் பற்றவைக்கிறது. ‘மாடா, எல்லாரையும் காப்பாத்து’ என்று உன் குரல் கேட்கிறது. உன் கையைக் கோர்ட்டில் பார்த்து நான் அழுதுவிட்டேன், தம்பி.

முழு வீடியோவை நீ அனுப்பியதே எனக்கு அதுவரை தெரியாது. கேஸில் உன் பேரையும் சேர்த்துவிடுவார்கள் என்று மஹ்மூதா பீவி எச்சரித்தும், ‘எடுத்தது நான், பற்றவைத்தது நான்’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாயாமே. அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றாயாமே. ஏம்லே?

அடுத்து, சோதனைச்சாலை அதிகாரி கூண்டில் ஏறினார். குழாய்க்குள் என்ன இருந்தது என்று மஹ்மூதா பீவி கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். புகையிலைச் சாம்பல், சந்தனம், குங்குமம், கருகிய சுருட்டுத் துண்டுகள், எல்லாம் கல்லாக இறுகிக் கிடந்ததாம். அதைக் குடைந்து எடுத்தால், அதற்குப் பின்னால் இரும்பை உருக்கி ஊற்றிக் குழாயை அடைத்திருந்ததாம். பட்டாளத்திலேயே அடைத்துத்தான் தாத்தாவிடம் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே தோட்டா நிற்கிற இடத்தையும் அறுத்துவிட்டிருக்கிறார்கள். ரிப்பேர் பார்த்தாலும் சுடாதா என்று கேட்டாள். சுடாது, வேறு துப்பாக்கிதான் செய்ய வேண்டும் என்றார். கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘சாமிக்கு எந்தச் சுருட்டுய்யா பிடிக்கும்?’ என்று அத்தானைக் கேட்டார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, ‘எது வச்சாலும் கொற சொல்லாதுய்யா’ என்றார்.

துப்பாக்கியைத் திரும்பக் கொடுப்பதற்கு ஒரு விலை போட வேண்டுமாம். பழைய இரும்பு, எடைக்கு முந்நூறு ரூபாய் என்று சர்க்கார் தரப்பில் எழுதினார்கள். உன் முப்பது லட்சம் என்ன ஆயிற்று என்று மஹ்மூதா பீவியைக் கேட்டேன். அமெரிக்காவில் எண்பத்தாறாம் வருசத்துக்கு முன்னாலேயே பதிவான துப்பாக்கிக்குத்தான் அந்த விலையாம், பதிவு இல்லாததை வைத்திருந்தால் அங்கேயும் ஜெயில்தானாம். ‘வெலை தாளுக்குக்கா, இரும்புக்கு இல்ல’ என்றாள். நல்லவேளை, ஆசைப்பட்டு நீ அதைக் கொண்டுபோயிருந்தால் மச்சானும் மச்சினனும் ஆளுக்கொரு தேசத்தில் கம்பி எண்ணியிருப்பீர்கள்.

போன வெள்ளிக்கிழமை துப்பாக்கி வந்த வரத்து இருக்கிறதே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். ஊர் எல்லையில் நையாண்டி மேளம் நின்றது. பெண்கள் போட்ட குலவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். தாமிரபரணியில் குளிப்பாட்டி, மஞ்சளும் சந்தனமும் பூசி, அத்தான் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கதவைச் சாத்திய அந்த ரெண்டு பேரும் முன்னால் நின்று தேங்காய் உடைத்தார்கள். நான் அவர்களைப் பார்த்த பார்வையில் ஒரு தேங்காய் கைநழுவிவிட்டது. அன்றைக்கு ஜீப்பில் வந்த அதே இன்ஸ்பெக்டர் ஒரு கட்டுச் சுருட்டோடு வந்து, பீடத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இனிமேல் துப்பாக்கியைப் பீடத்தோடு சங்கிலியில் பூட்டி வைக்க வேண்டும், கொடைக்கு முன்னால் ஸ்டேஷனில் சொல்லிவிட வேண்டும் என்று உத்தரவு. சொன்னால் போகிறது.

அந்தச் சுருட்டைப் படைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அத்தான் மறுத்துவிட்டார். கூட்டத்துக்கு நடுவில் நின்று, ‘வாயத் தொறந்து குடைஞ்சுட்டாங்க, சாமி வெறும் வாயா இருக்கு. மொதச் சுருட்டு என் மச்சினன் வப்பான். எனக்காகத் தன் தலையக் குடுத்தவன் அவன். அவன் வாரவரைக்கும் யாரும் வைக்கப்பிடாது’ என்று சொன்னார்.

சித்திரை கடைசி வெள்ளி கொடை. நாள் குறித்தாகிவிட்டது. வில்லுப்பாட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இந்தக் கடிதத்தோடு மாடன் திருநீறு வைத்திருக்கிறேன், நெற்றியில் பூசிக்கொண்டு அத்தானுக்குப் போன் பண்ணு. அவர் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார், எந்தத் தேதிக்கு டிக்கெட் என்று மட்டும் கேட்பார். நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும். அப்பா மோதிரத்தைக் கழற்றாமல் வா, தம்பி. அது வரைக்கும் மாடன் வாய் வெறுமையாகத்தான் இருக்கும், எங்கள் வீடும் அப்படித்தான்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அக்கா சுடலைவடிவு