பூஜையில் வைத்த பாடம்

செல்லூர், மதுரை
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சூர்யபிரகாஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே ஏதோ குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் குருகிராமில் நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க மீனாட்சி துணையிருக்கட்டும். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு எதையோ தட்டிக்கொண்டே ம், ம் என்கிறாய், அந்தத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்காது என்று உனக்கு நினைப்பு. வாய்ஸ் மெசேஜ் வந்தால் ரெட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன் என்று நீயே ஒருநாள் பெருமையாகச் சொன்னாய். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னால் இவர் பாலத்துப் பக்கம் போய் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்து நடந்ததாகச் சொல்கிறார், பனிக்கு இருமல் வேறு. கீழ்வீட்டு செல்லத்தாய் மகளுக்கு இடம் முடிந்துவிட்டது, தையில் கல்யாணம், சூர்யா எப்போ வாரான் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னதைச் சொல்லி வைத்திருக்கிறேன். நம் வீட்டுச் செய்தி அம்புட்டுதான்.

இனி நான் சொல்ல வந்தது. ஐப்பசியில் போனில் நான் பாதி சொல்லும்போதே மீட்டிங் என்று வைத்துவிட்டாயே, அந்தத் தமிழ்வாணி விஷயம். முழுதாகப் படி. நான் ரிட்டயரான பிறகு பின்தெருவில் இருக்கிற தனியார் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் புது டீச்சர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன், கம்ப்யூட்டரை வைத்துப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்வது என்று. இது உனக்குத் தெரியும், ஆனால் என்ன சொல்லிக்கொடுக்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் காலத்துப் பெண்களுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவும் மூடவும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை, போனில் அவர்கள் பண்ணுகிற வேலையெல்லாம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அவர்களுக்கு வராதது ஒன்றே ஒன்றுதான், மவுஸைப் பிள்ளைகள் கையில் விட வராது. உடைத்துவிடும், எதையாவது அழித்துவிடும், அப்புறம் யார் பதில் சொல்வது என்ற பயம். அதனால் டீச்சர் மட்டும் தட்டுவார், வகுப்பு முழுக்க வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும், படம் முடிந்தால் பாடம் முடிந்தது. நான் முதல் நாளே சொல்லிவிடுவேன், டீச்சர் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், பிள்ளை தப்பாகத் தட்டினால் வாயால் ஒரு கேள்வி கேளுங்கள், கையை நீட்டாதீர்கள் என்று. கேட்கும்போது எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், திங்கட்கிழமை வகுப்புக்குள் போனதும் மவுஸ் பழையபடி டீச்சர் கைக்கே வந்துவிடும்.

தமிழ்வாணி ஒருத்திதான் அதை அப்படியே செய்தாள். திருவாதவூர்ப் பிள்ளை. அவள் அப்பா சிவபாண்டி அறுவடை மிஷின் ஓட்டுகிறார், அவருக்கு முந்தின தலைமுறை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம், நம்மைப் போலத்தான், அதை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் முதல் டீச்சர் இவள். விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து செல்லூர் வந்து சேருவாள். பள்ளிக்கூடத்து மாடியில் யாரோ கொடுத்த நாலு பழைய கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடந்தது, இவள் சாவி கேட்டு வாங்கித் திறந்து, ஆறாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி, அத்தனை தறியும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தால் இங்கே கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து வரும், அதற்கும் பிள்ளைகள் பழகிக்கொண்டு அடிக்கடி சேமித்துச் சேமித்து வேலை பார்த்தார்கள். என்ன வேலை தெரியுமா. அவரவர் தெருவில் குழாயில் தண்ணீர் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் பார்த்துவந்து தானே தட்டிச் சேர்க்க வேண்டும், ஒருவன் வாசிக்க, ஒருத்தி தட்ட, இன்னொருத்தி சரிபார்க்க. சராசரி, சதவீதம், பட்டை வரைபடம் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட்டது. ஒருநாள் நான் போயிருந்தபோது ஒரு பெண்பிள்ளை திரையைக் காட்டி, மிஸ், எங்க தெருவுக்கு மட்டும் ஏன் இத்தினிக்கூண்டு கோடு வருது என்று கேட்டது.  தமிழ்வாணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏன்னு நீங்களே பாருங்க என்றாள். இத்தனை வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது உன் கம்பெனி விற்கிற அந்தப் பாட ஆப்புக்கு வருகிறேன். அம்மா, உங்க ஸ்கூல்ல சொல்லிப் பாருங்க என்று நீ சொன்னாய், நானும் மகன் வேலை பார்க்கிற கம்பெனி என்ற பெருமையில் தாளாளரிடம் போய்ச் சொன்னேன். ஜூனில் வகுப்புக்கு ஒரு பெரிய தொடுதிரை வந்து இறங்கியது. பாடம் அதற்குள் இருக்கிறது, டீச்சர் பெயரைத் தட்டித் திறந்தால் அதுவே ஓடும், அதுவே கேள்வி கேட்கும், ஒரு பாடம் முடிந்தால் அடுத்த பாடம் தானாக வரும். எம்புட்டு நேரம் ஓடியது என்று எண்ணி டீச்சருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வாரா வாரம் தாளாளருக்கு ரிப்போர்ட் போகும். அந்தக் கலர் நான் பண்ணினதும்மா என்று முந்தின வருஷத் தீபாவளிக்கே நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய், நான் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன். முதல் பயிற்சி நாளில் டீச்சர்களிடம் உன் போட்டோவைக் காட்டி, என் மகன் செய்தது, பயப்படாமல் தொடுங்கள் என்று சொன்ன வாயும் இதே வாய்தான். தமிழ்வாணி பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப்போகிற நேரமெல்லாம் கீழே அந்தத் திரை சும்மா இருக்கும். திரை சும்மா இருந்தால் வகுப்பே நடக்கவில்லை என்று உன் ஆப்புக்கு அர்த்தம். வாரா வாரம் அவளுக்குச் சிவப்பு. நானே அவளிடம் சொன்னேன், கீழே அதையும் ஓடவிட்டுவிட்டு மாடிக்குப் போயேன் அம்மா என்று. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, யாருமில்லாத ரூம்ல பொய்யா ஓட்டச் சொல்றீகளா டீச்சர் என்றாள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மற்றவர்கள் ஓட்டினார்கள். ஐந்தாம் வகுப்பு ரோகிணி டீச்சர் மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் சத்தத்தைக் குறைத்து ஓடவிடுவாள், பச்சை வந்துவிடும், பிறகு நிம்மதியாகக் கரும்பலகையில் பாடம் நடத்துவாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன், நல்லாவே நடத்துவாள், வீட்டுக்காரர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். ஆயுத பூஜைக்குத்தான் அது நடந்தது. காலாண்டு லீவு விடுகிற அன்றைக்கே பூஜை போட்டுவிடுவது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். வகுப்புக்கு வகுப்பு திரைக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, முன்னால் பொரிகடலை. ரோகிணி வகுப்பில் மதியம் போட்ட பாடம் அப்படியே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கே சூடம் காட்டியாயிற்று. கிளம்பும்போதுதான் அவளுக்கு நினைவு வந்து அணைக்கப் போயிருக்கிறாள். ஆயா மலையம்மாள் குறுக்கே நின்று, பூஜையில வச்சதத் தொடாதீக மிஸ்ஸு, மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும் என்று தடுத்துவிட்டாள். இவளும் சாமி காரியம் என்று விட்டுவிட்டாள். கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போனாலும் நிற்காது. லீவு முடிந்து திறக்கிற வரைக்கும் உன் ஆப்பு சந்தனப் பொட்டும் மாலையுமாக, பூட்டிய அறையில், பொரிகடலைக்குப் பாடம் நடத்தியிருக்கிறது.

அந்த வாரம் எங்கள் பள்ளிக்கூடம் முதலிடம் என்று உன் கம்பெனியிலிருந்து கோப்பை போட்ட படம் ஒன்று வந்தது. தாளாளர் டீச்சர்கள் எல்லோரையும் கூட்டி வைத்து வாசித்தார், நானும் இருந்தேன். லீவு நாள்ல கூட ரோகிணி மிஸ் வந்து வேல பாத்துருக்காக, பாத்துக் கத்துக்கங்க என்று சொல்லி ஒரு டிபன் கேரியரைப் பரிசாகக் கொடுத்தார். ரோகிணி யார் முகத்தையும் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டாள். அடுத்த மூச்சில் தாளாளர், ஜூன்லருந்து செவப்பு, இனி சரிப்படாது, இந்த மாசத்தோட தமிழ்வாணி மிஸ் நின்னுக்கலாம் என்றார். நான் எழுந்து, மாடிக்கு வந்து அந்தப் பிள்ளைகள் செய்ததைப் பாருங்கள் என்று சொன்னேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது டீச்சர், உங்க மகன் கம்பெனிதானே, நீங்கதானே வாங்கச் சொன்னீக என்று அவர் கேட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். பூஜைக் கதையை அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம், உடைத்தால் ரோகிணிக்கு வேலை போகும். ரோகிணியே எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்ததால் தமிழ்வாணிக்கும் அந்தக் கதை தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் தன் வேலை தப்பும் என்றும் தெரியும்.  வெளியே வந்து ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அவுகளுக்கு ரெண்டு புள்ளைக இருக்கு டீச்சர், எனக்கு நான் மட்டும்தானே என்றாள். சரி வாரேன் டீச்சர் என்று பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். நாங்க கலர் மட்டும்தாம்மா காட்டுறோம், முடிவு எடுக்குறது ஸ்கூல் என்று நீ சொன்னாய். தாளாளரைக் கேட்டால் நான் என்ன செய்ய, கம்பெனி ரிப்போர்ட் என்கிறார். அவர் உன்னைக் காட்டுகிறார், நீ அவரைக் காட்டுகிறாய், நடுவில் அந்தப் பிள்ளை வேலையை விட்டுப் போய்விட்டது. சிவப்பு என்றால் ஆப்பைத் திறக்கவில்லை என்று அர்த்தம், பாடம் நடத்தவில்லை என்று அர்த்தம் இல்லை, இதை மட்டும் ஒரு மெயிலாக எழுதிக் கொடு என்று கேட்டேன். அதெல்லாம் லீகல்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா, மீட்டிங் இருக்கு என்று வைத்துவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை சூர்யா. சின்னப் பையன், அவன் என்னத்தக் கண்டான், விடு என்கிறார் உன் அப்பா. முப்பத்திரண்டு வயதில் என்ன சின்னப் பையன். நான் சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டேன். கையைப் பின்னால் கட்டுங்கள் என்று இனி எந்தப் பெண்ணிடம் சொல்ல, கட்டினவள் கதி அத்தனை பேரும் பார்த்தாயிற்று. மாடி அறையைத் திரும்பப் பூட்டிவிட்டார்கள். ஆறாம் வகுப்பும் இப்போது பச்சையாம். தண்ணீர்க் கோட்டைக் கேட்ட அந்தப் பிள்ளை வழியில் என்னைப் பார்த்து, தமிழ்வாணி மிஸ் எப்ப வருவாக டீச்சர் என்று கேட்டது.

தமிழ்வாணி இப்போது விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். போன வாரம் செல்லத்தாயோடு கல்யாணத் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, கம்ப்யூட்டர்லதான் இருக்கேன் டீச்சர், சந்தோசப்படுங்க என்று சிரித்தாள். பின்னால் வரிசை நின்றதால் உடனே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டாள். வேறு பள்ளிக்கூடம் பார்க்கலாம் என்றால் முன்னே வேலை பார்த்த இடத்தில் கேட்பார்கள், அவர்கள் ஐந்து மாதச் சிவப்பை எடுத்துக் காட்டுவார்கள். உன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அண்ணே நல்லா இருக்காகளா என்றுதான் கேட்டாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தப் பூஜைக் கதையை ஆபீசில் சொல்லிச் சிரித்து, ரோகிணி பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடாதே. உன்னை நம்பித்தான் எழுதியிருக்கிறேன். இரவில் கண் விழிக்காதே, வெந்நீர் குடி, அப்பாவுக்கு முழங்காலுக்குப் போடுகிற உறை நல்லதாக ஒன்று வாங்கி வா. நீ நீண்ட ஆயுளோடு, நல்ல மனதோடு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன், கோபமாக இருக்கிற நாளிலும் அதை நிறுத்தவில்லை.

பொங்கலுக்குத் துணி எதுவும் எடுக்க வேண்டாம் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதை மாற்றிக்கொள். மதுரையில் இறங்கினதும் நேராக விளக்குத்தூணுக்குப் போ. அந்தக் கடையில் எனக்கு ஒரு சேலையும் அப்பாவுக்கு ஒரு வேட்டியும் எடு. இடது பக்கம் கடைசி கவுண்டர் அவளுடையது, வரிசை நீளமாக இருந்தாலும் அங்கேயே நில். உன் போட்டோவை அவள் பார்த்திருக்கிறாள், அடையாளம் தெரியும். அந்தக் கலரைப் பண்ணினவன் நான்தான் என்று உன் வாயால் சொல். அவள் என்ன சொல்கிறாளோ நின்று கேட்டுக்கொள், ரெட்டை வேகத்தில் இல்லை, அவள் பேசுகிற வேகத்தில். பில்லுக்கு அடியில் அதைப் போட்டவர் பெயர் அச்சாகியிருக்கும். தமிழ்வாணி என்று இருக்கிற அந்தப் பில்லோடு வந்தால்தான் சேலையை நான் கையில் வாங்குவேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
க. பாண்டியம்மாள்