காதர் அண்ணனின் பந்தயக் கார் எஞ்சின் படகு

பிரியமுள்ள காதர் அண்ணே,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. செய்தி கேட்டதும் முத்துப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். உங்கள் தெருமுனை வரை வந்துவிட்டேன். பந்தல் தெரிந்தது. வந்த பெண்களை உங்கள் மகள் ஜமீலா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவதும் தெரிந்தது. அதற்கு மேல் கால் வரவில்லை. ஒரு கடை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் இத்தனை வருஷமாகச் சந்தேகப்படுகிறேன். தெரிந்துமா என்னிடம் அப்படிச் சிரித்துப் பேசினீர்கள்?

நான்கு பேர் படிக்கட்டும் என்றே இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் பெண். என் அப்பா வைரக்கண்ணு, ஊர் மிராசுதார் பெரியபண்ணையின் நாலு ஏக்கரை வாய்ப்பேச்சுக் குத்தகையில் பயிர் செய்துகொண்டிருந்தார். எழுத்து ஒன்றும் கிடையாது. புது ஆட்சி வந்து, குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் போட்டது. அப்பா மனு கொடுத்தார். மனுவை எழுதியது நான்தான். பெரியபண்ணை உடனே, "வைரக்கண்ணு எங்ககிட்ட கூலி ஆளு. குத்தகையாவது ஒண்ணாவது" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் பாதி ஊர்களில் இதே சண்டைதான். அறுக்கிற நேரத்தில் வயலில் போலீஸ் நிற்கும்.

அப்பாதான் பயிர் செய்தார் என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. வயலில் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சினை ஏழு வருஷமாகப் பழுது பார்த்தவர் நீங்கள். கூப்பிட்டதும் அப்பா, பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததும் அப்பா. எங்கள் தெரு ஆட்கள் சொன்னால் சொந்தக்காரப் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். நீங்கள் வெளியூர், வேறு ஜாதிசனம். உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது.

மனு மேல் தாலுகா ஆபீஸில் நடக்க இருந்த விசாரணைக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் அந்தக் கார் எஞ்சின் உங்கள் பட்டறைக்கு வந்தது.

பெரியபண்ணையின் மகனைச் சின்னவர் என்போம். மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் பந்தயம் ஓட்டிய சிவப்பு நிற வெளிநாட்டுக் கார் ஒன்றை வைத்திருந்தார். மாட்டு வண்டி போகிற நம் ரோட்டில் அதைப் பறக்கவிட்டு, ஒருநாள் வாய்க்கால் மதகில் பக்கவாட்டில் மோதினார். அவர் தப்பினார். காரின் உடம்பு நசுங்கியது. எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. இரண்டு வருஷம் அது பண்ணை வீட்டுக் களஞ்சியத்தில் கிடந்தது.

நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போக முத்துப்பேட்டையில் இறங்கியபோது, பண்ணை வீட்டு வண்டி உங்கள் பட்டறை வாசலில் நின்றது. மேலே மூடியிருந்த வைக்கோலை ஆட்கள் தள்ளினார்கள். உள்ளே அந்தக் கார் எஞ்சின். ஆறு சிலிண்டர், பக்கத்தில் எண்ணெயைக் காற்றோடு கலந்து ஊட்டுகிற இரண்டு கார்புரேட்டர். நீங்கள் அதைத் தொட்டுப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. பசியோடு இருக்கிறவன் இலையைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

மறுநாள் நேரே வந்து கேட்டேன்.

"எஞ்சின் ஏதுண்ணே?"

"வந்துச்சு."

"யாரு குடுத்தா?"

"குடுக்க வேண்டியவங்க குடுத்தாங்க. உனக்கு என்ன தங்கச்சி, டீ சொல்லவா?"

"கார் எஞ்சினை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"போட்டுல ஏத்தப் போறேன்" என்றீர்கள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மீன் பிடிக்கப் போகிற படகுக்குப் பந்தயக் கார் எஞ்சின் எதற்கு? நம் கரையில் வேகப் படகு என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்கரை இலங்கையிலிருந்து வாட்சும் நைலான் துணியும் கொண்டுவந்து இறக்கத்தான் வேகம் வேண்டும். விவசாயச் சங்கத்துச் சிங்காரம் மாமாவிடம் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "காதர் விலை போயிட்டான்மா. நாளைக்கு விசாரணையில வந்து, வைரக்கண்ணுவா, அவர் யாருன்னே தெரியாதுன்னு சொல்லுவான் பாரு" என்றார். அப்பா மட்டும் நம்பவில்லை. "அவன் அப்படிப்பட்டவன் இல்ல" என்றார். அப்பாவுக்கு யாரைத்தான் பிடிக்காமல் போனது?

அந்த மாதம் முழுக்க, வகுப்பு முடிந்ததும் உங்கள் பட்டறைக்கு வந்தேன். ஆசையாக வருகிறேன் என்று நினைத்தீர்கள். நான் வேவு பார்க்க வந்தேன்.

நீங்களும் ஒளிக்காமல் காட்டினீர்கள். அதுவும் நடிப்பு என்றே நினைத்தேன். ரோட்டில் ஓடும்போது காற்று அடித்து ரேடியேட்டர் குளிரும். படகில் அந்தக் காற்றுக்கு வழியில்லை, அதனால் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரைச் சுற்றவிட்டு, அதைச் செம்புக் குழாய்ச் சுருளில் உப்புத் தண்ணீரால் குளிரவைக்க வேண்டும் என்றீர்கள். புகை போகிற குழாய் சூட்டில் சிவந்து மரத்தைப் பற்றவைக்கும் என்று அதைச் சுற்றி இரும்புத் தகட்டில் தண்ணீர்ச் சட்டை போட்டீர்கள். ப்ரொப்பெல்லர் முன்னால் தள்ளுகிற பாரம் எஞ்சின் மேல் விழாமல் தாங்க, பழைய லாரியிலிருந்து ஒரு பேரிங் தேடிக் கொண்டுவந்தீர்கள். ஒருநாள் எஞ்சின் தலையைக் கழற்றி, அடியில் தடியாக ஒரு செம்புத் தகடு வைத்தீர்கள். இரண்டு கார்புரேட்டரில் ஒன்று மண்ணெண்ணெய்த் தட்டில் கிடந்தது. எல்லாமே வேகத்தைக் கூட்டுகிற வேலை என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டிருக்கலாம். சந்தேகப்படுகிறவளுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது அண்ணே. பதில்தான் முன்பே தயாராக இருக்கிறதே.

விசாரணைக்கு மூன்று நாள் முன்பு ஒரு கடிதம் எழுதினேன். சுங்க அதிகாரிக்கு. முத்துப்பேட்டையில் இன்ன பட்டறையில், இன்ன ஆள், கள்ளக் கடத்தலுக்கு அதிவேகப் படகு கட்டுகிறார் என்று. கையெழுத்துப் போடவில்லை. உங்களைப் பிடித்துக்கொண்டு போனால், நீங்கள் பண்ணைக்காகச் சொல்கிற பொய் எடுபடாது என்று கணக்குப் போட்டேன். யாரும் தூண்டிவிடவில்லை. சிங்காரம் மாமாவுக்குக்கூடத் தெரியாது.

விசாரணை நாளில் நீங்கள் வந்தீர்கள். வெள்ளைச் சட்டை, நகத்தில் கிரீஸ். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. நான் சன்னல் ஓரம் நின்றேன்.

"ஏழு வருஷமா அந்த எஞ்சினைப் பார்க்கிறேங்க. கூப்பிட்டது வைரக்கண்ணு அண்ணன்தான். நாத்து விட்டது, நட்டது, அறுத்தது எல்லாம் அவங்க குடும்பம்தான். பண்ணையிலேருந்து அறுப்பு அன்னைக்கு மட்டும்தான் ஆள் வரும்" என்றீர்கள்.

பண்ணை வக்கீல் எழுந்தார். "உங்களுக்கும் பண்ணையாருக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கல் உண்டா?" என்று கேட்டார். பகை இருக்கிறது என்று காட்டப் பார்த்தார் போலிருக்கிறது.

"உண்டுங்க. சின்னவரோட கார் எஞ்சின் இப்ப என் பட்டறையிலதான் இருக்கு. இந்தக் கேஸ்ல வாயைத் திறக்காம இருக்கச் சொல்லிக் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு, "இதையும் எழுதிக்கலாமா?" என்று கேட்டார். "எழுதிக்குங்க" என்றீர்கள்.

அப்பா அழுதார். நான் அழவில்லை. கடிதம் இப்போது எந்தத் தபால் பையில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எட்டு நாள் இருந்தது அண்ணே. ஓடிவந்து உங்களிடம் சொல்லியிருக்கலாம். இன்னொரு கடிதம் போட்டு முன்னதை மறுத்திருக்கலாம். மொட்டைக் கடிதத்தை யார் மதிக்கப் போகிறார்கள், கிழித்துப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு, சொல்லவே கூசுகிறது, என் சந்தேகம் அப்போதும் முழுதாகப் போகவில்லை. சாட்சி சொன்னது சரி, படகு யாருக்கு என்று உள்ளே ஒன்று குடைந்துகொண்டே இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை படகைத் தண்ணீரில் இறக்கினீர்கள். அப்பாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டீர்கள். கோரையாற்றில், இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. பின்னால் மீனவர்களின் ஐந்து சின்னப் படகுகளைக் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தார்கள். எஞ்சின் உறுமும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அது உறுமவில்லை. மெதுவாக, அடித்தொண்டையில் பாடுகிற மாதிரி ஓடியது. சைக்கிளில் போகிறவன் நம்மைத் தாண்டிவிடுவான்.

"இவ்வளவுதான் வேகமாண்ணே?"

"வேகத்தையெல்லாம் கழட்டிட்டேன் தங்கச்சி. அதுக்குத்தான் அந்தச் செம்புத் தகடு, அதுக்குத்தான் ஒத்தைக் கார்புரேட்டர். இனிமே மண்ணெண்ணெயிலயும் ஓடும். எனக்கு இழுவைதான் வேணும். இவங்க கடல் முகத்துக்குப் போய்ச் சேர அரை நாள் கம்பு ஊன்றாங்க. காத்து விழுந்துச்சுன்னா மீன் படகிலேயே நாறிடுது. இனி அஞ்சு படகையும் இதுவே இழுத்துட்டுப் போயிடும்."

பின்னால் வந்த படகுகளில் ஆட்கள் கம்பைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் படகின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா, படகு ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது கரையில் சுங்க ஜீப் நின்றது. படகைப் பறிமுதல் செய்து, உங்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எஞ்சினுக்கு உங்களிடம் காகிதம் இல்லை. பண்ணையைக் கேட்டார்கள். களஞ்சியத்திலிருந்து திருடிக்கொண்டு போய்விட்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் அதிகாரி முன்னால் சொல்லி எழுதவைத்த அந்த வாக்குமூலம்தான் கடைசியில் வழக்கிலிருந்து உங்களை விடுவித்தது. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் வெயிலில் கிடந்த படகின் பலகைகள் பிளந்துவிட்டன. எஞ்சினை உப்பு தின்றுவிட்டது. அந்த ஐந்து படகுக்காரர்களும் கம்பு ஊன்றப் போய்விட்டார்கள். நீங்கள் பட்டறையை மூடிவிட்டுச் சவுதிக்குப் போனீர்கள். ஜமீலா நடக்கப் பழகியதை நீங்கள் பார்க்கவில்லை.

அப்பாவின் குத்தகை பதிவானது. அதற்கு நன்றி சொல்ல, நீங்கள் புறப்படும் முன் அப்பாவோடு வந்தேன். அப்போது சொன்னீர்களே, நினைவிருக்கிறதா?

"சுங்கத்துக்குப் போன அந்த மொட்டைப் பெட்டிசனை எனக்குக் காட்டினாங்க. பெரியபண்ணை வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா ஒரு பிழையில்லாத தமிழு. அந்த வீட்டுல அப்படி எழுத யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். சிரித்தீர்கள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, ஆயில் எஞ்சினுக்கு எப்போது எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

தெரிந்துதான் சொன்னீர்களா? உங்கள் ரேஷன் கார்டு மனுவை எழுதிக் கொடுத்தவளே நான்தானே, என் எழுத்து உங்களுக்கு அடையாளம் தெரியாதா? சவுதியிலிருந்து வந்தபோதெல்லாம் எனக்குப் பேனா வாங்கி வந்தீர்களே, அது பாசமா, குத்தலா? ஒவ்வொரு பேனாவையும் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. எஞ்சினை வாங்கும்போதே உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தீர்களா, இல்லை, ஒரு மாதம் நான் அங்கே வந்து உட்கார்ந்திருந்ததால் மனம் மாறினீர்களா? இறந்த மனிதரையும் விடாமல் சந்தேகப்படுகிறேன் பாருங்கள்.

இங்கே விசேஷம் என்றால், இந்த முறை தண்ணீர் சரியாக வந்தது. தம்பி குறுவை அறுத்துவிட்டான். வயலில் இப்போது கரண்ட் மோட்டார். பெரியபண்ணை வீடு கல்யாண மண்டபமாகிவிட்டது. முத்துப்பேட்டையில் எல்லாப் படகிலும் எஞ்சின் வந்துவிட்டது. அந்தக் கிழவரின் பேரன்கூட ஒன்று வைத்திருக்கிறான் என்றார்கள். நான் அந்த ஆற்றங்கரைப் பக்கம் போகவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகு, ஜமீலாவைப் பார்க்கப் போகிறேன். இது அச்சில் வருவதற்கு முன்னால் என் வாயால் அவளிடம் சொல்வேன். அவள் கதவைச் சாத்தினாலும் சரி, வாசலில் நின்று முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். இது உறுதி அண்ணே.

உங்கள் தங்கச்சி,
வைரக்கண்ணு மகள் தமிழரசி